பத்து நிமிடத்துக்கு ஓர் அளவு

விவேக் நகர், பெங்களூர்
9.8.1994

அன்புள்ள ஸ்ரீகண்டனுக்கு,

யூஜின் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். நம் ஆய்வுக்கூடத்தின் உலை அறை அட்டெண்டர் முனிகிருஷ்ணன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போன மாதம் 28-ஆம் தேதி, வியாழக்கிழமை பகலில், உலைக்குப் பின்னால் நாற்காலியோடு சாய்ந்து கிடந்தார். கார்பன் மோனாக்சைடு. உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் சாப்பிட்டதை அரை மணி நேரத்தில் மறந்துபோகிறார். அன்று என்ன நடந்தது என்று கேட்டால் சிரிக்கிறார்.

சோதனை, நீ பட்டம் வாங்கி வெளிநாடு போகும்போது விட்டுப்போனதுதான். மூசைக் குவளையில் இரும்பு ஆக்சைடு கலந்த கசடை உருக்கி, அதன் மேல் வாயுவை ஊதி, மோனாக்சைடு எவ்வளவு வேகமாக ஆக்சிஜனைப் பறிக்கிறது என்று அளப்பது. உன் காலத்தில் பெரும்பாலும் மோனாக்சைடு அதிகம். வெளியே வரும் வாயுவைக் குழாய் முனையில் பற்றவைத்துவிடுவோம். முனியண்ணன் கண் அந்த நீலத் தீயின் மேலேயே இருக்கும். அணைந்தால் ஓடிப்போய் வால்வை மூடுவார். இப்போது ஐந்தில் ஒரு பங்குதான் மோனாக்சைடு, மீதி கார்பன் டை ஆக்சைடு. அது எரியாது. ரப்பர் குழாய் மாட்டி ஜன்னல் வழியாக வெளியே விட வேண்டும்.

ஜன்னல் இப்போது இல்லை. ஜூலையில் அந்த அறைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே ஏ.சி.யும் வந்தது. ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டார்கள். பதினோரு வருடமாக அங்கே வேலை செய்கிற மனிதருக்கு ஒரு மின்விசிறி கேட்டபோது நிதி இல்லை என்றார்கள். குழாயைக் கதவிடுக்கு வழியாக வராந்தாவில் விட்டிருந்தோம். அன்று குளிர் வெளியே போகிறது என்று யாரோ குழாயை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். உலைக்குப் பின்னால் இருந்தவருக்கு அது தெரியவில்லை.

விசாரணைக் குழு வாயுவே கசியவில்லை என்கிறது. ஆக்சிஜன் கொடுத்த பிறகு எடுத்த ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லையாம். குடித்துவிட்டு வந்து விழுந்தார் என்று எழுதப் போகிறார்கள். அவர் இன்னும் தினக்கூலிதான். அப்படி எழுதிவிட்டால் சிகிச்சையும் நிற்கும், வேலையும் போகும்.

நேற்று முனியண்ணன் மனைவி பாஞ்சாலியக்கா ஆஸ்பத்திரி வாசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “சாராய நாத்தம் பட்டாலே வாந்தி எடுக்கற ஆளுப்பா அது. குடிச்சிட்டு வந்துச்சுன்னு எழுதப்போறாங்களாமே! நீயும் உள்ளதான இருந்த? சொல்லு தம்பி” என்று அழுதார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எரியாத கலவை என்றால் குழாய் கட்டாயம் வெளியே போக வேண்டும் என்று உன் பழைய குறிப்பேட்டில் எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து அனுப்பு.

நம் கூட்டத்தில் இங்கே மிச்சம் நான் ஒருவன்தான். கேன்டீனில் என் மேசைக்கு யாரும் வருவதில்லை. வாரத்தில் நான்கு நாள் முழுதாக யாரோடும் பேசாமல் போகிறது. அங்கே குளிர் அதிகம் என்று எழுதியிருந்தாய். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
யூஜின்


விவேக் நகர், பெங்களூர்
6.9.1994

அன்புள்ள ஸ்ரீகண்டனுக்கு,

உன் கடிதமும் நகலும் வெள்ளிக்கிழமை கிடைத்தன. நன்றி. கடைசி வரியில் ஒன்று கேட்டிருக்கிறாய். நானும் அறையில்தானே இருந்தேன், எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று. குழுவும் அதையேதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அளவுத்தாளில் காலையிலிருந்து என் கையெழுத்து இருக்கிறது, யூஜின் நலமாக நடமாடுகிறான், ஆகவே வாயு இல்லை.

நான் அறையில் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் எழுத்துத் தேர்வில் உட்கார்ந்திருந்தேன். அம்மா குழந்தை இயேசு கோவிலில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது முனியண்ணனிடம், “இந்தக் கலவைல தீ எரியாது அண்ணே, எரியலன்னு பயந்து மூடிடாதீங்க” என்று சொன்னது நான். அவர் நம்பிய ஒரே எச்சரிக்கையையும் நானே பிடுங்கிக்கொண்டு போனேன்.

கையெழுத்தை மட்டும் காலையிலேயே வெற்று அளவுத்தாளில் போட்டுவிட்டுப் போனேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் அளவைப் பார்த்துப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவார். மாலையில் நாம் அதை அளவுத்தாளில் நம் கையால் எழுதிக்கொள்வோம். அட்டெண்டர் எழுதியது ஆய்வில் செல்லாது. அவரே கேலி செய்வாரே, “பேரு உனுக்கு, வேர்வ எனுக்கு, அதான தம்பி?” என்று. நாமும் சிரிப்போம்.

அன்று மூன்று மணிக்குத் திரும்பி வந்து கதவைத் திறந்தவன் நான்தான். ஆம்புலன்ஸ் போன பிறகு காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தேன். ஒன்று நாற்பது வரை எழுதியிருந்தார். கடைசி மூன்று அளவுகளில் எழுத்து சரிந்து சரிந்து தாளின் ஓரத்துக்குப் போயிருந்தது. தலை சுற்றியும் விடாமல் எழுதியிருக்கிறார். அந்த மூன்றும் சரியான அளவுகள், ஸ்ரீகண்டா. வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன், கோட்டின் மேலேயே உட்கார்ந்தன.

எல்லாவற்றையும் என் கையெழுத்தில் அளவுத்தாளுக்கு மாற்றிவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்துப்போட்டேன். பயம். வேறு காரணம் சொல்ல முடியவில்லை.

நேற்று குழு முன்னால் இதையெல்லாம் சொன்னேன். குழுவின் தலைவர் நம் துறைத் தலைவர்தான்; அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இந்தத் துறையில் எந்தக் காலத்திலும் அட்டெண்டர் அளவெடுத்ததில்லை, எடுக்கவும் தெரியாது, இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாய் என்றார். முனியண்ணன் கையால் எழுதிய தாள் எங்கே என்று கேட்டார். நான் என்ன காட்டுவேன்? மற்ற மாணவர்கள் இருவரும் தங்கள் அளவுகளைத் தாங்களே எடுத்ததாக எழுதிக்கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்ததும் என்னைத் தாண்டி நடந்துபோனார்கள்.

அந்தத் தேர்வில் தேறிவிட்டேன். சேர்வதற்கு இதே தலைவரிடம் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்க வேண்டும். இனி அது வராது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பாஞ்சாலியக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. முனியண்ணனுக்கு வாயைத் துடைத்துவிட்டு, “இனிமே வராத” என்று மட்டும் சொன்னார். முனியண்ணன் என்னைப் பார்த்து, யாரு இந்தப் பையன், சாப்ட்டானா கேளு என்றார்.

இனி பாக்கி நீ ஒருவன்தான். உன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம், இரும்பு ஆக்சைடு கூடக்கூட வேகம் கூடுகிறது என்று நீ காட்டிய அந்த அறுபது அளவுகள், எடுத்தவர் முனிகிருஷ்ணன். நீ கன்னிமாரா நூலகத்துக்கும் உன் அக்கா கல்யாணத்துக்கும் போயிருந்த நாட்களில்கூட அளவுகள் நிற்கவில்லை. அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவருக்கு அளவெடுக்கத் தெரியும், அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போவது நம் வழக்கம் என்று எழுது. அடுத்த கூட்டம் அக்டோபர் 3.

இதனால் உன் பட்டத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஆகலாம். என்னைவிட உனக்கு இழப்பதற்கு அதிகம் இருக்கிறது. உனக்குப் பிறக்கப்போகும் குழந்தை நல்ல உடம்போடு பிறக்கட்டும், நீங்கள் மூவரும் அங்கே நிம்மதியாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே வேண்டிக்கொள்கிறேன். எழுதாவிட்டாலும் வேண்டிக்கொள்வேன். ஆனால் எழுது, ஸ்ரீகண்டா.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
யூஜின்