எட்டு மார்க்

மார்ச் 2

அன்புள்ள வாயாடிக்கு,

நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான்கு பக்கம் சுற்றி வளைத்தேன் என்று திட்டாதே. ஒரு நாட்டு மக்கள் தங்கள் அரசாங்கத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கினால், இன்னொரு நாட்டு அரசாங்கம் அதற்குள் நுழையலாமா? தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் புள்ளியியல் நடத்துகிறேன். 'தெரியவில்லை' என்பதும் ஒரு விடைதான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். உன்னிடம் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே நாடாளுமன்றத்தில் வெளிவிவகாரக் குழு ஒன்று இருக்கிறது. நம் ஊரில் நடப்பதில் இந்த நாடு தலையிடுவதா, படை அனுப்புவதா, வேடிக்கை பார்ப்பதா என்று விசாரிக்கிறார்களாம். அங்கிருந்து வந்து இங்கே வாழ்கிறவர்கள் சிலரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி எனக்கு ஏழு நிமிஷம். கல்லூரி முதல்வர் என் பெயரைக் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சிரிக்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

உன் போன கடிதத்தை மேசையிலேயே வைத்திருக்கிறேன். "அவனுங்க வந்து ஜெயிச்சா அது நம்ம ஜெயிச்சதா ஆகாது. நம்ம வீட்டைக் கூட்ட நமக்குத் துடைப்பம் பிடிக்கத் தெரியும்னு சொல்லு" என்று எழுதியிருந்தாய். ஊரே செயலகத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது உன்னால் அப்படி எழுத முடிகிறது. பத்திரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் வந்தால் என்ன என்று தோன்றுகிறது. பயந்தவளுக்குத் தோன்றுவது அது. அதனால் அதை நான் நம்பவில்லை.

ஒரு யோசனை. பட்டிமன்றத்துக்கு முந்தின நாள் கேன்டீனில் உட்கார்ந்து பக்கம் மாற்றிக்கொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? எதிர்ப்பக்கத்தை நம்பும்படி பேச முடியாதவள் மறுநாள் மேடை ஏறக்கூடாது என்பது நம் சட்டம். மற்றவள் பத்துக்கு மார்க் போட வேண்டும். அதைத் திரும்பச் செய்வோம். 'வேண்டாம்' என்கிற நீ, வரட்டும் என்று எழுது. வந்தால் என்ன என்கிற நான், கூடாது என்று எழுதுகிறேன். அதற்குப் பிறகாவது எனக்கு ஏதாவது தெளிகிறதா பார்க்கிறேன்.

இணையத்தை நிறுத்தியவர்கள் தபாலை விட்டுவைத்திருக்கிறார்கள். நம் வயசுக்காரர்கள் மட்டும்தான் கடிதம் எழுதுகிறோம் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

ரத்த வங்கியில் உனக்கு ஆள் சேர்த்தார்களா? உன் வீட்டுக்காரரை, நம் ஆம்புலன்ஸ் அண்ணனை, நான் விசாரித்ததாகச் சொல். இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டேதான் சாப்பிட வருகிறாரா?

உன்,
ஊமைக்கோட்டான்


மார்ச் 9

ஊமைக்கோட்டானுக்கு,

கடிதம் வந்தது. ஒரு கோட்டானுக்கு ஏழு நிமிஷம் என்பது ரொம்ப அதிகம். மூன்று நிமிஷம் தொண்டையைக் கனைப்பாய். மீதி நாலுக்கு நான் எழுதித் தருகிறேன்.

சரி, பக்கம் மாற்றியாச்சு. நடுவர் அவர்களே, ஆரம்பிக்கிறேன்.

உள்நாட்டு விவகாரம் என்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒருத்தன் கதவைச் சாத்திக்கொண்டு பெண்டாட்டியை அடிக்கிறான். அவனும் அதைக் குடும்ப விவகாரம் என்றுதான் சொல்வான். நாம் டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்கிறோம். மறுநாள் படிக்கட்டில் அவளைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்கிறோம். அந்த மரியாதைக்குத்தான் நாடுகள் சட்டம் என்று பெயர் வைத்திருக்கின்றன.

வெளியார் வந்தால் அவர்கள் லாபத்துக்குத்தான் வருவார்கள் என்று எதிரணி சொல்லும். வரட்டுமே. தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவன் சம்பளத்துக்குத்தான் வருகிறான். எரிகிற வீட்டு மாடியில் நிற்கிறவள், உன் நோக்கம் என்ன என்று அவனைக் கேட்க மாட்டாள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர். அடிபட்டவர்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம் வழியாக வருகிறார். பாலத்தில் பட்டாளத்துக்காரர்கள் வண்டியை நிறுத்தி, உள்ளே இருப்பவர்களை இறக்கச் சொல்கிறார்கள். அவர் இறங்கிப் பின்கதவுக்குக் குறுக்கே நிற்கிறார். "ஆஸ்பத்திரியில விட்டுட்டு வரேன், அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க தம்பி" என்கிறார். தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். அவரை அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். ரத்த வங்கியில் இருக்கிற பெண்ணிடம் அவருடைய ரத்த மாதிரியைக் கொண்டுவருகிறார்கள், எந்த வகை என்று பார்க்க. அவளுக்குப் பார்க்கவே வேண்டியதில்லை. எடுத்து வைத்திருந்த நாலு பையையும் கொடுக்கிறாள். நாலும் போதவில்லை. அப்புறம் கை கழுவும் தொட்டியில் அவர் சட்டையைத் துவைக்கிறாள். எதற்குத் துவைக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சட்டைப் பையில் டோக்கன் ஒன்று இருக்கிறது, கேன்டீன் டீ டோக்கன், நனைந்துபோய்.

இனி அவள் துடைப்பம் பிடிக்கட்டும் என்று சொல்வீர்களா நடுவர் அவர்களே?

ஆகவே வரட்டும். யாராக இருந்தாலும் வரட்டும். எந்தக் கொடியோடு வந்தாலும் சரி.

முடிந்தது. மார்க் போடு.

வாயாடி


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

இரண்டு தடவை படித்தேன். தீயணைப்பு வண்டி சரியான வாதம். டி.வி. சத்தம் என்னைச் சுட்டது. கொஞ்ச நாளாக இங்கே நான் செய்வது அதுதான்.

ஆனால் அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் கொஞ்சம் ஓவர். அண்ணனையே இழுத்து உதாரணமாக்கிவிட்டாயா? டீ டோக்கன் எல்லாம் வைத்து, நடுவரை அழவைக்கப் பார்க்கிறாய். அந்தக் காலத்திலேயே உனக்கு அந்த வித்தை உண்டு. மூன்று பட்டிமன்றங்களில் இல்லாத சித்தப்பாவை மூன்று விதமாகச் சாகடித்தவள் நீ. கடைசியில் அவருக்கு இரங்கல் சொல்லப் பேராசிரியர் வீட்டுக்கே வந்துவிட்டார். உருக்கம் அளவு மீறினால் கேட்கிறவனுக்குச் சந்தேகம் வரும் என்று அன்றைக்கே சொன்னேன். அதனால் இரண்டு குறைத்து, பத்துக்கு எட்டு.

இனி என் பக்கம். கூடாது.

ஒன்று, வருகிறவன் திரும்பிப் போகும் தேதியைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அவன் குண்டு போடுகிற கட்டடத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குச் சொல்வது யார்? என்னைப் போல, ஊரைப் பார்த்து இருபத்தைந்து வருடம் ஆன ஒருத்தி. இது பெரிய அபாயம்.

பிறகு, அவன் வாசலில் வந்து நின்ற மறுநிமிஷம், செயலகத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் அந்நியனின் கைக்கூலிகள் ஆகிவிடுவார்கள். இதுவரை அரசாங்கம் அப்படிச் சொன்னால் பொய். அதற்குப் பிறகு பாதி நிஜம்.

கடைசியாக ஒன்று, நீயே எழுதியது. கூட்டத்தின் மேல் போட்ட கண்ணீர்ப்புகைக் குப்பிகளின் அடியில் இந்த நாட்டு முத்திரை இருக்கிறது என்றாய். அப்படியானால் இவர்கள் ஏற்கெனவே வந்துவிட்டார்கள், எதிர்ப்பக்கத்துக்கு. ஒரு கையால் விற்றதை இன்னொரு கையால் தடுக்க வருகிறவனை எப்படி நம்புவது?

எழுதிப் பார்த்தால் என் பக்கம்தான் சரி என்று தோன்றுகிறது. உன் கடிதத்தை எடுத்தால் அது கலைகிறது. நீ எனக்கு எத்தனை போடுவாய்?

கோட்டான்


மார்ச் 21

கோட்டானுக்கு,

உனக்குப் பத்து. எப்போதும் போல எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய்.

டிரைவர் உதாரணம் இல்லை. 6ஆம் தேதி மத்தியானம் ரெண்டே கால். சித்தப்பாவைச் சாகடித்தேன், உண்மைதான். இவரைச் சாகடிக்கவில்லை.

உன்மேல் கோபமா என்றால், இருக்கிறது. ஆனால் உன்னைவிட என்மேல் அதிகம். 'அவர் போய்விட்டார்' என்று எழுத மூன்று தாள் எடுத்தேன். கை ஓடவில்லை. உன் கடிதம் மேசையில் கிடந்தது, பக்கம் மாற்று என்று. விளையாட்டு என்றால் எழுத வந்தது. நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். 'நடுவர் அவர்களே' என்று ஆரம்பித்தவளை யார் புரிந்துகொள்வார்கள் என்று நீ கேட்கலாம். கேள். ஆனால் டீ டோக்கனுக்கு ரெண்டு மார்க் குறைத்தாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் பக்கம் மாற்றிக்கொள்ளவில்லை, மாறிவிட்டேன். கொடியைப் பற்றி எழுதிய வரியை நம்பித்தான் எழுதினேன். ஜெயிப்பது யார் என்ற கவலை எனக்கு இப்போது இல்லை. பாலத்தில் நிற்கிறவர்களை யாராவது அங்கிருந்து இறக்க வேண்டும். பக்கத்து வார்டு நர்ஸ், "அக்கா, அவங்க வந்தாலும் நம்ம மேலதான குண்டு விழும்" என்கிறாள். விழட்டும் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

போய் அந்தக் குழுவிடம், வாங்க என்று சொல். ஒரே வார்த்தை. வாழ்க்கை முழுக்க நீ நடுவில்தான் நின்றாய். காலேஜில் எங்கள் ஸ்டிரைக்கின்போதுகூட வெளியே நின்று ரெண்டு பக்கமும் எத்தனை பேர் என்று எண்ணினாய். இந்த ஒரு தடவை எண்ணாதே. எனக்காகச் சொல்.

உன் தோழி


மார்ச் 27

என் வாயாடிக்கு,

இன்று காலை உன் கடிதம் வந்தது. வகுப்புக்குப் போகவில்லை.

அண்ணனுக்கு மார்க் போட்டேன். இதற்கு மன்னிப்புக் கேட்கும் வார்த்தை என்னிடம் இல்லை. அந்த எட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. நான் முதன்முதலில் உன் வீட்டுக்கு வந்தபோது, ரயில் நிலையத்திலிருந்து ஆம்புலன்ஸிலேயே கூட்டிவந்து, "நம்ம வண்டியில ஏறினவங்க திரும்ப வீட்டுக்குப் போயிடுவாங்க, பயப்படாதீங்கம்மா" என்றாரே. அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்வேன் என்று இப்போது எழுத வரவில்லை. எழுதிவிட்டு அங்கே சொல்லாமல் போனால் அது இன்னொரு பொய். இங்கே வந்துவிடு. டிக்கெட், காகிதம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். இல்லை என்றால் என்னை வரச் சொல்.

உன்,
கோட்டான்


ஏப்ரல் 2, மாலை

என் வாயாடிக்கு,

போய்விட்டு வந்தேன். நீண்ட மேசை, பதின்மூன்று பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஆறு நிமிஷம் ஆனால் மஞ்சள் விளக்கு, ஏழுக்குச் சிவப்பு. தொண்டையைக் கனைக்கவில்லை.

வாங்க என்று நான் சொல்லவில்லை. உனக்கு இது எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நாக்கு வரை வந்தது. நான் சொன்னதால் ஒரு விமானம் கிளம்பி, அது உன் ஆஸ்பத்திரிக் கூரையைத் தாண்டிப் போவதாகத் தோன்றியது.

அதற்குப் பதிலாக உன் கடிதங்களை வாசித்தேன். பிப்ரவரியில் எழுதிய துடைப்பக் கடிதம் முதலில். அடுத்து மார்ச் 9ஆம் தேதிக் கடிதம், டோக்கன் வரை. 'நடுவர் அவர்களே' என்ற இடத்தில் ஒரு கிழவர் நிமிர்ந்து பார்த்தார், அவரைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்த பிறகும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

ஓர் அம்மாள் கேட்டார், இந்த இரண்டில் எது உங்கள் தோழியின் உண்மையான கருத்து என்று. "இரண்டும்தான். நடுவில் அவருடைய கணவரைச் சுட்டுவிட்டார்கள்" என்றேன். அப்படியானால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார் கிழவர். படை அனுப்பலாமா என்பது எனக்குத் தெரியவில்லை, ஆனால் புகைக்குப்பியும் துப்பாக்கியும் விற்பதை நாளைக்கே நிறுத்தலாம் என்பது தெரியும், அதற்கு யாரும் எந்த எல்லையையும் தாண்ட வேண்டியதில்லை என்றேன். குறித்துக்கொண்டார்.

வாழ்க்கை முழுக்க நடுவில் நின்றாய் என்றாயே. இன்றும் அங்கேதான் நின்றேன். ஆனால் எண்ணவில்லை. அதை நீ நம்ப வேண்டும்.


ஏப்ரல் 3

தபாலில் போடும் முன் இன்று நடந்ததைச் சேர்த்துவிடுகிறேன்.

காலை பதினொன்றுக்குக் குழு கூடியது. மேலும் தகவல் தேவை என்று சொல்லி, விசாரணையை ஆறு வாரம் தள்ளிவைத்தார்கள். ஒன்பது பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. ஆயுத விற்பனை வேறொரு குழுவின் பொறுப்பு என்று குறிப்பில் இருக்கிறது.

மத்தியானம் மூன்று மணிக்குத் தபால்காரர் மணியடித்தார். உன் கடிதம் என்று ஓடினேன். 27ஆம் தேதி நான் எழுதியது. பிரிக்கப்படவில்லை. உறையின் மேல் சிவப்பு முத்திரை: அந்த நாட்டுக்கான தபால் சேவை 26ஆம் தேதி முதல் நிறுத்தம். "நீங்க போடறதுக்கு முந்தின நாளே நின்னுடுச்சு போலம்மா, இந்த ஊரைவிட்டே போகல" என்றார்.

ஆக, என்னிடமிருந்து உனக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது 15ஆம் தேதிக் கடிதம்தான். அதில் எட்டு மார்க் இருக்கிறது.

கோட்டான்