குருவிநத்தம் ஆத்துல தட்டிப் பாத்த கல்லு

அன்பு மகள் சுகன்யாவுக்கு, பாகூரிலிருந்து சித்தப்பா செல்லப்பன் எழுதுவது. நானும் உங்கம்மாவும் ஒடம்புக்குக் கொறையில்லாம இருக்கோம், நீ பூனாவுல வேளைக்குச் சாப்புட்டு நல்லா இருக்கியா. இதெல்லாம் நடக்கும்னு நான் அன்னைக்கே சொன்னேன்டி. அஞ்சு வயசுல நீ பக்கத்து வூட்டு ஆட்டைக் கல்லால அடிச்சப்பவே, இந்தப் பொண்ணு கல்லாலதான் பொழைக்கும்னு தெருவுக்கே கேக்கச் சொன்னேன், உங்கப்பா சிரிச்சாரு. இப்ப பாரு, ஆதி மனுசன் மாதிரி கல்லைச் செதுக்கிக் கத்தி செய்யப் பழகுறேன், அதுக்கேத்த கல்லு அனுப்பு சித்தப்பான்னு அம்மாம் பெரிய காலேஜுல இருந்து கேக்குற. ஏழாவது பாதியில நின்னவனைக் கேக்கணும்னு தோணுச்சு பாரு, அதான் அறிவு.

செம்பாறாங்கல்லு கையிலயே உதிருது, கருங்கல்லு கண்டபடி நொறுங்குது. திருவக்கரை கல்மரம், அந்தக் காலத்து மரம் கல்லாப் போனது, நல்லா உடையும்னாங்க, சர்க்கார் காவல்ல இருக்கு, அதுல கை வெச்சா கேஸு, அந்த வாட்ச்மேன் எனக்கு சலாம் வெக்கிற ஆளுன்னாலும் நான் கிட்ட போகல. அப்புறம் பிரிட்டோவோட பழைய இரும்புக் கடையில போய் நின்னேன், நம்ம ஊர்ல பாட்டிலுக்கா பஞ்சம். அடி தடிச்சு, கீறல் இல்லாததா பொறுக்கி, கழுத்தை நீக்கி ஆறு பாட்டிலோட அடிப்பாகத்தை எடுத்து வெச்சிருக்கேன். மொதல்ல கண்ணாடியில பழகு, அது சொன்ன பேச்சு கேக்கும், கல்லு அப்புறம். இன்னாண்ணே, இவ்ளோவும் நீயே குடிச்சதான்னு பிரிட்டோ நக்கல் பண்ணான், எங்க பொண்ணு ஆராய்ச்சிக்குடான்னு அங்க இருந்த எட்டு பேருக்கும் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்துட்டுத்தான் வந்தேன்.

கல்லுக்குத்தான் குருவிநத்தம் ஆத்துக்குப் போனேன். தட்டினா மந்தமா கேட்டா உள்ள வெடிப்பு, கணீர்னு கேட்டா நல்ல கல்லுன்னு நீதான சொன்ன. ரெண்டு வருசம் முன்ன வெள்ளத்துல மோட்டாரைக் கழட்டப் போன உங்கப்பாவை ஆறு கொண்டுபோன எடம் அது, ஒடம்பும் கெடைக்கல, அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போனதில்ல. மோட்டார் கொட்டகை இருந்த எடத்துல நாலு போல்ட்டு மட்டும் நிக்கிது. உச்சி வெயில், ஒரு ஆள் இல்ல. நாப்பது அம்பது கல்லைத் தட்டிக்கினே போனேன், எல்லாம் மந்தம். தேன் நெறத்துல ஒண்ணு கணீர்னுச்சு. மூணு தட்டு தட்டினேன். எதிர்க்கரை நாணல்ல இருந்து மூணு தட்டு திரும்பி வந்துது. உங்கப்பா கொட்டகையில இருந்து பைப்பை மூணு தட்டு தட்டினா சோறு கொண்டான்னு அர்த்தம், உனக்குத் தெரியும். எதுக்கும் பயப்படாத ஆளு நான், எனக்கே முடி நட்டுக்கிச்சு.

வூட்டுக்கு வந்து உங்கம்மாகிட்ட சொன்னேன். மறுநாள் தூக்குல சோறு போட்டுக்கினு ஆத்துக்குப் போயிட்டாங்க. பதினோரு நாளா தெனம் போறாங்க. ஒரு கல்லை எடுத்துத் தட்டுறாங்க, காத்திருக்காங்க. எனக்கும் கேக்குது, தூரமா கேக்குதுங்கறாங்க. மொதல்ல கரையில நின்னாங்க, அப்புறம் கணுக்கால் தண்ணியில, நேத்து நான் போறப்போ இடுப்பளவு தண்ணியில தூக்கைத் தலைக்கு மேல புடிச்சிக்கினு நிக்கிறாங்க. கையப் புடிச்சு இழுத்தா, நீதான செல்லப்பா சொன்ன, அவரு பசியா இருக்காருன்னு என்னையே கேக்குறாங்க. ஐப்பசி பொறந்தா ஆத்துல வெள்ளம் வந்துடும்.

கண்ணாடி உடைக்கிறப்போ கண்ணுக்கு மறைப்பு போட்டுக்க, கைக்குத் தோல் உறை போடு, கீழ படுதா விரி, தூளை வாயால ஊதாத. நம்மூரு மூலநாதர் சாமி உன் கையையும் கண்ணையும் காப்பாத்தட்டும், நீ நெனச்சது எல்லாம் நடக்கட்டும்.

இதோட கையெழுத்துப் போட்டு ஒட்டிடலாம்னு பாத்தேன், முடியல. மூணு வாட்டி உனக்கு போன் போட்டேன், மூணு வாட்டியும் கல்லைப் பத்தியே பேசிட்டு வெச்சிட்டேன். அந்தக் கல்லு கணீர்னது நெஜம், துணியில சுத்தி இந்தப் பார்சல்லயே வெச்சிருக்கேன். நான் மூணு தட்டு தட்டினதும் நெஜம். பதில் வரல சுகன்யா. வெயில் எறங்குற வரைக்கும் உக்காந்து கேட்டேன், வரவே இல்ல. அதை அப்படியே வூட்டுல வந்து சொல்ல மனசு வரல, மீதிய நானா சேர்த்துட்டேன். நேத்து உங்கம்மாகிட்ட உண்மைய ஒத்துக்கினேன். செல்லப்பன் வாயில இப்பத்தான் பொய் வருதுங்கறாங்க. நீ வர்ற வரைக்கும் நான் கூடவே போய் தண்ணியில நிக்கிறேன். படிச்சதும் ரயில் ஏறு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
கா. செல்லப்பன்