திருடன் என்று நான் எழுதிய குருவி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌகரியமாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலிகூட இப்போது தேவலை. நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டும் சுகம்தானே. போன் பேசும்போதெல்லாம் குருவிக்கூடு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய், நானும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறேன். சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கிளம்பும்போது பின்பக்கத் துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்ததே, பார்த்துக்கோங்கப்பா என்று ஒப்படைத்துவிட்டுப் போனாயே, நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேள். அம்மா உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்த சமயம். நீலமும் ஊதாவுமாகப் பளபளவென்று ஒரு குருவி கொடியில் உட்கார்ந்து விடாமல் பாடும். அதுதான் வீட்டுக்காரர் என்று முடிவுகட்டிவிட்டேன். இன்னொன்று, முதுகு பழுப்பு, வயிறு வெளுத்துப்போன மஞ்சள், சத்தம் போடாமல் கூட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. ஆயுசு முழுக்கப் பெயிண்ட் கடையில் கலர் கலக்கியவன் இல்லையா நான், அந்தக் கலர் வேறு இந்தக் கலர் வேறு, ஆகவே இது வேற்றுக் குருவி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒருநாள் அதை வாயில் பஞ்சோடு பார்த்தேன், கொண்டுவருகிறதா கொண்டுபோகிறதா என்று நின்று பார்க்கத் தோன்றவில்லை. கைதட்டினேன், துண்டை வீசினேன், குழாயால் தண்ணீர் பீய்ச்சினேன், பழைய சிடி ஒன்றைக் கொடியில் கட்டித் தொங்கவிட்டேன். போதாக்குறைக்குப் படம் பிடித்துத் 'திருடன்' என்று எழுதி வாண்டுக்கு அனுப்பினேன். அவள் அதை வரைந்து பள்ளிக்கூடத்தில் காட்டினாள் என்று நீ சொன்னபோது எனக்கு அப்படியொரு பூரிப்பு.

அம்மா திரும்பி வந்ததும் தாய்க்குருவி எங்கே என்றாள். திருடனை விரட்டிவிட்டேன், வீட்டுக்காரர் பத்திரம் என்று பெருமையாகச் சொன்னேன். கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை அவள். "நீங்க விரட்டினதுதாங்க பொண்ணு. கூடு கட்டினது, முட்டையில உக்காந்தது எல்லாம் அவதான். மினுக்கிக்கிட்டுப் பாடுதே, அது ஆம்பளை" என்றாள். முட்டைமேல் இருக்கும்போது யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் அவளுக்கு அந்த மங்கல் நிறமாம். அதோடு விட்டிருக்கலாம். "வேலை செய்யறவளை இந்த வீட்ல யாருக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, நான் போட்டுவைத்திருந்த பாத்திரங்களைக் கழுவப் போய்விட்டாள். நியாயம்தானே. யாராவது வந்தால் முன்னறையில் உட்கார்ந்து கதையளப்பவன் நான், அவர்களுக்குத் தருகிற டீ எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தவனில்லை. வெட்கமாக இருந்தது பாப்பா, இதை எழுதும்போதும் இருக்கிறது.

சிடியை அப்போதே அவிழ்த்துவிட்டேன், பின்கதவையும் சாத்திவிட்டேன். மறுநாள் சாயங்காலம் தாய்க்குருவி வந்துவிட்டாள், கூட்டின் வாசல் ஓட்டையில் அலகு மட்டும் தெரிகிறது. முட்டைகள் வெகுநேரம் சில்லிட்டுக் கிடந்திருக்கும், பொரியுமோ பொரியாதோ. பொரியாவிட்டால் அது என் கைங்கரியம்தான். பாத்திரம் இப்போது நான் கழுவுகிறேன், அம்மா வந்து பாதியைத் திரும்பக் கழுவுகிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே. மூவரும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வாண்டு வரைந்த படத்தில் 'திருடன்' என்பதை அடித்துவிட்டு 'அம்மா' என்று எழுதச் சொல், பள்ளிக்கூடத்திலும் சொல்லச் சொல். ஏன் என்று கேட்டால், தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று சமாளிக்காதே. கண் நன்றாகத்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா