“அப்புறம்” என்ற கோப்புறை

நாள் 611. செவ்வாய்க் கிரக அஞ்சல் நிலையம். இந்திய நேரம் 06:10
காற்றழுத்தம் சீர். அலைவாங்கி சீர். நேற்று மூன்று சுரங்கக்காரர்களின் பழுதான மின்னஞ்சல் கோப்புறைகளைச் செப்பனிட்டேன். திருப்புளி வேலை இல்லை; கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்ட வேண்டும், அவ்வளவுதான். முதலில் நகல் எடுங்கள் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், ஒருவனும் எடுக்கவில்லை. இதைப் படிப்பவருக்கு: நான் தில்லைநாயகம். இந்தச் சுரங்கத்தில் வேலை செய்யும் ஆயிரத்து நூறு பேரின் கடிதங்களைப் பூமிக்கும் இங்கும் கைமாற்றும் ஒற்றை ஆள்.

09:25
பூமியின் தரைநிலையத்திலிருந்து ஞானராஜ்:
“அண்ணாச்சி, மதினி பேசுனாவ. மெயில்ல ஒண்ணு கேட்டிருக்காவளாம். இன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள பதில் வேணுமாம். ஒத்த வார்த்தை போதும்னாவ.”
மதினி என்றால் என் மனைவி கோமதி. இங்கே இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று நான் கையெழுத்துப் போட்ட அன்று சண்டை. அன்றே அவள் கடிதங்கள் தாமாக “அப்புறம்” என்ற கோப்புறைக்குப் போகும்படி செய்துவிட்டேன். கோபம் ஆறியதும் படிக்கலாம் என்றுதான். பதினான்கு மாதம், அறுபத்து மூன்று கடிதம். ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

10:02
கோப்புறை திறக்கவில்லை. அட்டவணை சிதைந்திருக்கிறது. ஊராருக்குச் செய்வதை எனக்கும் செய்துகொள்கிறேன்.

10:40
செப்பனிட்டு முடித்தேன். திரை சொல்வது:
கடிதங்கள் 63. நீக்கிய இரட்டைகள் 62. மீதி 1.
சுரங்கக்காரர்களுக்குக் கம்பெனி ஒரே அறிவிப்பைப் பத்து முறை அனுப்பும். அதனால் கட்டளையின் வாலில் “இரட்டை நீக்கு” என்று சேர்ப்பது என் விரல்களுக்குப் பழக்கம். தலைப்பும் முதல் வரியும் ஒன்றாக இருந்தால் பழையதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கருவி அழித்துவிடும்.
கோமதியின் தலைப்பு எப்போதும் “நலம், நலமறிய ஆவல்”. முதல் வரி எப்போதும் “அன்புள்ள அத்தானுக்கு, நான் இங்கு நலம்.” பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லித்தந்தபடியே இன்றும் எழுதுகிறாள்.
நகல் எடுக்கவில்லை. நான்தான், நானேதான்.

10:55
மிஞ்சியது முதல் கடிதம்:
“கோவத்துல பதில் போடாம விட்டுட்டிய. சாப்பிட்டியளா? குக்கர் கைப்பிடி உடைஞ்சிட்டு, மாத்திட்டேன்.”
இதில் கேள்வி என்று இருப்பது சாப்பாடு மட்டும்தான்.

12:30
சேமிப்பில் அவை அழிந்த இடத்தைத் துழாவினேன். சுரங்கத்துக்கு வந்த புதுக் கடிதங்கள் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டன. பூமியிலும் பிரதி இல்லை. இங்கே சேர்ந்ததும் அங்கே அழித்துவிடுவது நான் போட்ட விதி.
கோமதியையே கேட்கலாம். கேட்டால் ஒன்றும் படிக்கவில்லை என்று தெரிந்துவிடும். அந்த வெட்கக்கேட்டைத் தாங்க என்னால் ஆகாது.

13:15
சேதி போய்ச்சேர இருபது நிமிடம். என்ன கேட்டிருப்பாள்? மாடியில் ஓர் அறை கட்டலாமா, தங்கை வீட்டில் ஒரு மாதம் இருக்கலாமா, இப்படி ஏதாவது இருக்கும். எதுவானாலும் ஒத்துக்கொண்டால் சண்டை வராது.
அனுப்பினேன்: “சரி.”

14:35
கோமதி, ஞானராஜ் வழியாக:
“கடைசி கடுதாசில நான் கேட்டது இதுதான். நாம இதோட முடிச்சுக்கிடுவோமான்னு கேட்டேன். படிச்சிருந்தா வேண்டாம்னு சொல்லுவிய, படிக்கலேன்னா சரின்னு சொல்லுவியன்னும் அதுலயே எழுதியிருந்தேன். சரின்னு வந்துட்டு. நான் போறேன்.”
போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் கோமதி வாயிலிருந்து வெறும் “போறேன்” வந்ததே இல்லை.

14:37
அனுப்பினேன்: “வேண்டாம்.”

15:24
ஞானராஜ்:
“மதினி அந்த முகவரிய மூடிட்டாவ, அண்ணாச்சி. நீங்க அனுப்புனது திரும்பி வந்துட்டு. போனையும் எடுக்கல. நான் என்ன செய்யட்டும்?”

15:25
மறுபடி அனுப்பினேன்.

15:26
மறுபடி. கோமதி, நான் மட்டும் அதைப் படித்திருந்தால்…