ஐந்து டேப் அகலமுள்ள சாலை

காலையிலிருந்து கடைக்குள் தார் வாடை. கதவை ஒருக்களித்து வைத்தும் வருகிறது. எதிரே சாலையில் ஜேசிபி நின்று நம் மேட்டைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறது. கையில் ஒரு ரவிக்கையை வைத்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அந்தப் பக்கம் நீ அங்கன்வாடி டீச்சர். இந்தப் பக்கம் நான் தையல்காரி. நடுவில் பாகூர் பஸ் போகிற சாலை. இருபது வருஷம் அதைக் கடந்து கடந்துதான் நாம் சிநேகிதிகளானோம். முட்டை வேக வைத்த கையோடு நீ வருவாய். நான் டீ வாங்கி வைத்திருப்பேன். உன் நடையே தனி. வலது கையை நீட்டி உள்ளங்கையைக் காட்டுவாய், லாரியானாலும் நிற்கும். நான் குடுகுடுவென்று ஓடி வருவதைப் பார்த்தால் திட்டுவாய். "ஓடாதடி மும்தாஜு. ஓடுனா அவன் இன்னும் அழுத்துவான். கையக் காட்டிட்டு நட. நாமளும் வரி கட்டுறவங்கதான்."

சாலையை அகலமாக்கி மழமழவென்று ஆக்கியதும் கையைக் காட்டினால் நிற்கிற காலம் போனது. பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு பெரியவரைக் கார் அடித்தது. நம் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே, ஊர் மறியலுக்கு உட்கார்ந்தது, மறுநாளே ஒரு வேகத்தடை முளைத்தது. எல்லோரும் ஜெயித்த மாதிரி கலைந்து போனார்கள். உனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. "ஆளு செத்தாதான் மேடு போடுவானுங்களா? மேடு இன்னா சமாதியா?" என்றாய். அந்த வேகத்தடையும் ஒன்றுக்கும் உதவவில்லை. பைக்குகள் அதன் ஓரமாக, ஜனங்கள் நடக்கிற மண்ணில் இறங்கிப் போகப் பழகிக்கொண்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்து என் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கேட்டாய். எதற்கு என்றேன். "ரோட்டுக்குச் சட்ட தைக்கணும்" என்றாய். நீ நடுச்சாலையில் கையைக் காட்டி நிற்க, நான் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து அளந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஐந்து டேப் அகலம். ரவிக்கை வெட்டுகிற பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, தையல் சாக்பீஸால் வரைந்தோம். ரோட்டுக்குக் குறுக்கே மேடை மாதிரி அகலமான ஒரு மேடு, இரண்டு ஓரத்துத் திண்டின் உயரத்துக்கே. அதன் மேல் வெள்ளைப் பட்டைகள். இரண்டு ஓரமும் பைக் நுழையாதபடி கல். பிள்ளைகள் இந்தத் திண்டிலிருந்து அந்தத் திண்டுக்குச் சமதளமாகவே நடந்து போய்விடலாம். அன்று நீ சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "நாம கீழ எறங்கக் கூடாதுடி. அவன் மேல ஏறட்டும்."

தாளை மடித்துக்கொண்டு பொதுப்பணித்துறை அலுவலகத்துக்குப் போனோம். இன்ஜினியர் பிரித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா வரஞ்சது?" என்றார். "டெய்லரு" என்றாய், கொஞ்சம்கூடச் சிரிக்காமல். எத்தனை தடவை நடந்தோம், எத்தனை மனு! கடைசியில் வந்தேவிட்டது. முதல் நாள் நீ பிள்ளைகளை ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்க வைத்து, ரயில் ஓட்டிக்கொண்டு அதன் மேல் வந்தாய். கார்கள் நின்றன. கடை வாசலில் நின்று நான் அழுதேன். நீ பார்க்கவில்லை என்று நினைத்தேன், பார்த்திருக்கிறாய். "இன்னாடி, நூலு கண்ணுல பூந்துடுச்சா?" என்றாய்.

அடுத்த ஆடியில் அம்மன் தேர் வந்தது. தேர் வருகிற வழியில் கரண்ட் ஒயரைக் கழற்றுவார்கள், மரக்கிளையை வெட்டுவார்கள். அந்த வருஷம் மேட்டையும் எடுக்க வேண்டும் என்றார்கள். மரச் சக்கரம் அதன் மேல் ஏறினால் தேர் சாயும். திருவிழா முடிந்து பத்தே நாளில் திரும்பப் போட்டுவிடுவதாக எழுதி, கையெழுத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் உன்னிடம்தான் வந்தார்கள், நீ போட்டால் ஊரே போடும் என்று. வருஷா வருஷம் வடம் பிடிக்கிறவள் நீ. "எங்க அம்மா வர்ற வழியில நானே கல்லு போடுவனா?" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாய். அடுத்தது நான் போட்டேன்.

அந்தக் கெடுவை நான் அப்போதே நம்பவில்லை. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று தினம் பத்துப் பேரைத் திருப்பி அனுப்புகிற தையல்காரிக்குப் பத்து நாள் என்றால் என்னவென்று தெரியாதா? மேட்டை எடுக்க வேண்டாம், தேரைப் பலகை சரித்து ஏற்றச் சொல் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நம் கோயில் இல்லையே, ஒரு பாய் வீட்டுப் பெண் தேரை மறித்தாள் என்று பேச்சு வருமே என்று வாயை மூடிக்கொண்டேன். யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். நீ இருக்கும்போது யார் பேசுவார்கள்? அந்தப் பயம் முழுக்க என்னுடையது.

பத்து நாள் போனது. ஒரு மாதமும் போனது. நீ மூன்று தடவை அலுவலகத்துக்கு நடந்தாய். டெண்டர் என்றார்கள், ஜல்லி இல்லை என்றார்கள். ஒரு மத்தியானம் பிள்ளைகளையெல்லாம் அக்கரை சேர்த்துவிட்டு, மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பிப் போனாய். என் கால் மெஷின் மிதியில் இருந்தது. கண் உன் மேல் இருந்தது. நீ ஓடவில்லை. கையைக் காட்டிக்கொண்டுதான் நடந்தாய். அந்தக் கார் நிற்கவில்லை.

மறியலில் முதல் தடவையாக நானும் உட்கார்ந்தேன், உன் வீட்டுக்காரர் பக்கத்தில். பத்து நாள் என்று சொன்னவர்கள் மூன்றே நாளில் மேட்டைப் போட்டுவிட்டார்கள். அதே அகலம், அதே வெள்ளைப் பட்டை. ஜனங்கள் அதை டீச்சர் மேடு என்றார்கள். உனக்குப் பிடிக்காத அந்தச் சமாதிதான் உனக்குக் கட்டப்பட்டது என்று எனக்குப் பட்டது. ஆனாலும் பிள்ளைகள் அதன் மேல் நடந்தார்கள். அதைப் பார்த்து என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

இப்போது மறுபடி ஆடி. போன வாரம் தேர்க் கமிட்டிக்காரத் தம்பி, மேட்டை எடுக்கப்போகிற சேதியோடு வந்தான். கெட்டவனில்லை, அன்று உன்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவனே அவன்தான். இந்தத் தடவை வாயைத் திறந்துவிட்டேன். "நான் கையெழுத்து போட மாட்டேன் தம்பி. பலக வெச்சி ஏத்துங்க, இல்லன்னா என் மேல ஏத்துங்க" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். "கோவிச்சிக்காதக்கா. நீ போடலன்னாலும் பரவால்ல. போன வருஷ பேப்பரே ஆபீஸ்ல கீது. ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டோம். மொதக் கையெழுத்தே டீச்சர்துதான? யாரு இல்லன்னு சொல்லுவா?" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. பத்தே நாளில் போட்டுவிடுவதாகவும் சொன்னான்.

உன் சமாதியை உன் கையெழுத்தை வைத்தே இடிக்கிறார்கள். அதற்கு அடியில் என் கையெழுத்தும் இருக்கிறது. இதற்கு மேல் நான் எங்கே போய் மனு கொடுப்பது? பழுப்புத் தாள் அலமாரியில்தான் இருக்கிறது. சாக் கோடு அழிந்து, மடித்த தடம் மட்டும் தெரிகிறது. இன்னொரு தரம் வரைய என்னிடம் தெம்பு இல்லை. வரைந்தாலும் ஜெயிப்போம் என்ற நினைப்பு இல்லை. சும்மா சொல்லவில்லை, உண்மையிலேயே இல்லை.

ஜேசிபி நின்றுவிட்டது. பிள்ளைகளை விடுகிற நேரம். புதிதாக வந்திருக்கும் டீச்சர் சின்னப் பெண், சாலையைப் பார்த்து மிரண்டு நிற்கிறாள். நான்தான் போக வேண்டும். கழுத்தில் டேப் இருக்கிறது, கழற்றுவதில்லை. உன்னைப் போலவே கையைக் காட்டிக்கொண்டுதான் இறங்குகிறேன். ஒரு டேப், இரண்டு டேப் என்று வாய் எண்ணுகிறது. மூன்றாவது டேப், நீ விழுந்த இடம். நடடி, ஓடாதடி என்று நீ அங்கே சொல்லத்தான் செய்கிறாய். கேட்கிறது.

ஓடிவிடுகிறேன்.