ஆக்ஸிஜன் சென்சார் மாற்றிய மாதம்

மார்ச் 4, செவ்வாய்

இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டுப் புத்தகமே. என் பெண் பட்டாணி இப்போதுதான் தூங்கினாள். அவள் அப்பா அதற்கு முன்பே தூங்கிவிட்டார். தாலாட்டு அவளுக்கு, பலன் அவருக்கு.

இன்று வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்பும்போது, சிக்னலில். ஒரு வாரமாகவே முக்கிக்கொண்டும் முனகிக்கொண்டும்தான் ஓடியது. பெட்ரோல் வாடை வேறு. எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிவதை இவரிடம் காட்டினேன். "அது சும்மா எரியும், கண்டுக்காத" என்றார். பச்சை விழுந்ததும் காலை அழுத்தினேன். ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். பின்சீட்டில் பட்டாணி ஊசி போட்ட தொடையைப் பிடித்துக்கொண்டு ஹாரனுக்குச் சுருதி சேர்த்து அழுகிறாள். எத்தனையாவது தடவையில் கிளம்பியதோ. 

பிரசவ லீவு முடிந்து ஏப்ரல் ஒன்றாம் தேதி நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஊருக்கு வெளியே, நீரேற்று நிலையத்தை ஒட்டி இருக்கிறது. பஸ் போகாது. குழந்தைகள் காப்பகமும் அந்த வழியில்தான். கார் இல்லையென்றால் காப்பகம் இல்லை, காப்பகம் இல்லையென்றால் வேலை இல்லை. வண்டியின் புகைச் சான்றிதழ் வேறு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. விளக்கு எரிகிற வண்டிக்குப் புதிது தர மாட்டார்கள்.

கூடத்திலிருந்து மேடம் போன வாரமே மெயில் அனுப்பிவிட்டார்: ஒன்றாம் தேதி வருவது உறுதிதானா? இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும். நான் இன்னும் பதில் போடவில்லை. வருகிறேன் என்று எழுதப் பயம். வரவில்லை என்று எழுத மனசு வரவில்லை.

"அடுத்த வருஷம் வேற எங்கயாவது பார்த்துக்கலாமே, என்ன ஆயிடப்போகுது" என்றார் இவர், சாப்பிடும்போது. அக்கறையாகத்தான் சொன்னார். அக்கறையோடு எப்படிச் சண்டை போடுவது?

மார்ச் 5, புதன்

மெக்கானிக் வந்து தன் கருவியைச் சொருகிப் பார்த்தார். ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டதாம். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, பெட்ரோலைக் கூட்டு, குறை என்று தகவல் சொல்லும் சாமான். அது செத்துப்போனால் எஞ்சின் குருட்டாம்போக்கில் பெட்ரோலைக் குடிக்கும்.

"இத மாத்திட்டா சரியாயிடுமா?" என்றேன்.

"ஆயிடும்மா."

"நிச்சயமா?"

"நிச்சயமா ஆயிடும்மா."

"வேற ஏதாவது இருந்தா?"

அவர் இவரைப் பார்த்தார். இவர் வானத்தைப் பார்த்தார்.

மாலை நானும், வண்டியின் பழுதைக் 'கோட்' எண்ணாகக் காட்டும் ஒரு கோட் ரீடர் ஆர்டர் போட்டேன். கையடக்கமானது, யார் வேண்டுமானாலும் சொருகிப் பார்க்கலாம். இவரிடம் சொல்லவில்லை. கழுவின டம்ளரையே கழுவுகிறவள் என்று ஏற்கெனவே எனக்குப் பட்டம் இருக்கிறது.

மார்ச் 8, சனி

சென்சார் மாற்றியாயிற்று.

நான் பக்கத்திலேயே நின்றேன், பட்டாணி இடுப்பில். "பக்கத்துல நின்னு பார்த்தா கை ஓடாதும்மா" என்றார் மெக்கானிக். இரண்டடி தள்ளி நின்றேன். அதற்கு மேல் முடியவில்லை.

பழைய சென்சார் புகைக்குழாயோடு ஒன்றாகவே இறுகிப்போயிருந்தது. துருவை இளக்கும் எண்ணெய் அடித்துக் காத்திருந்தார். எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஒயரை நுழைக்கப் பக்கவாட்டில் வெட்டு விட்ட ஒரு ஸ்பானரை மாட்டி, பல்லைக் கடித்துத் திருகினார். க்ரீச் என்று ஒரு சத்தம். எனக்கு என் பல்லையே பிடுங்கினதுபோல் இருந்தது. வெளியே வந்தது விரல் நீளம்தான், முனையெல்லாம் கரி. இத்தனூண்டு சாமானா ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் கெடுத்தது?

புதியதின் மரையில் மட்டும் கிரீஸ் தடவினார். "முனைல பட்டா அதோட கண்ணு போச்சு." கையால் திருகி, பிறகு ஸ்பானரால் இறுக்கி, ஒயரைச் சொருகினார். பழைய கோட் பதிவைத் தன் கருவியால் அழித்தார். விளக்கு அணைந்தது.

பட்டாணி கை தட்டினாள். அவள் எதற்கும் கை தட்டுவாள். ஆனாலும்.

மார்ச் 9, ஞாயிறு

கோட் ரீடர் வந்துவிட்டது. குப்பை கொட்டப் போகிற சாக்கில் கீழே போய்ச் சொருகினேன். 'கோட் எதுவும் இல்லை.' அப்பாடா. எதற்கும் இருக்கட்டும் என்று 'எரேஸ்' என்ற அழிக்கும் பொத்தானையும் ஒரு தடவை அழுத்திவைத்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

வண்டி வெண்ணெய்போல ஓடுகிறது. வாடை இல்லை, குலுக்கல் இல்லை. ஆனாலும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். கோட் இல்லை, எரேஸ். கோட் இல்லை, எரேஸ். அழுத்தினால் அடுத்த சில மணி நேரத்துக்கு நெஞ்சு லேசாக இருக்கிறது.

"இந்த வீட்ல அவ்ளோ குப்பை எங்கேருந்து வருது?" என்றார் இவர்.

மார்ச் 13, வியாழன்

சான்றிதழ் தரவில்லை.

பரிசோதனை நிலையத்தில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, வாயில் சூயிங்கம். வண்டிக்கு ஒயரை மாட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள். "கோட் ஒண்ணும் இல்ல. ஆனா வண்டி தயாரா இல்ல" என்றாள்.

வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சில சோதனைகள் செய்துகொள்ளுமாம். அவை முடியவில்லையாம். "நாலஞ்சு நாள் நல்லா ஓட்டுங்க. நெடுஞ்சாலைல ஒரே வேகத்துல கொஞ்ச நேரம். அப்புறம் வாங்க."

இவரிடம் சொன்னதும் முகம் மாறியது. "சரியா மாட்டினானா அந்த ஆளு?"

மார்ச் 15, சனி

இவரே வண்டியை மெக்கானிக்கிடம் எடுத்துப்போனார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். "எனக்கென்னவோ சரியாப் படல" என்கிறார் இவர். எனக்கும்தான். சாயங்காலம் இரண்டு தடவை அழுத்தினேன்.

மேடத்திடமிருந்து இன்னொரு மெயில். ஒரே வரி.

மார்ச் 17, திங்கள்

எப்படி எழுதுவேன் இதை.

காலையில் பரிசோதனைக்குக் கிளம்பும் முன் கடைசியாக ஒரு தடவை அழுத்தினேன். பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும் முன் பிள்ளையின் முகத்தை முந்தானையால் துடைப்பார்களே, அந்த மாதிரி. போய் நல்ல பெயர் வாங்கட்டும் என்று.

அதே பெண். இவரும் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவள் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"இத யாரு அழிக்கிறா?"

"எத?" என்றார் இவர்.

"மெமரிய. இன்னைக்குக் காலைல கூட அழிச்சிருக்கு. அழிச்சா கோட் மட்டும் போகாது சார், வண்டி பண்ணி வெச்ச சோதனையெல்லாம் சேர்ந்து போயிடும். மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். இப்படி அழிச்சிக்கிட்டே இருந்தா இந்த ஜென்மத்துல முடியாது."

 இவருக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது, தப்புத் தப்பாக. "அந்த மெக்கானிக்தான். டூப்ளிகேட் சென்சாரப் போட்டுட்டு, அது தெரியாம இருக்க அழிச்சு அனுப்பறான். சனிக்கிழமை அங்கதான இருந்துது வண்டி?"

சனிக்கிழமைக்கும் இன்று காலைக்கும் நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே. கோபத்தில் அது அவர் கண்ணில் படவில்லை. எனக்குப் பட்டது.  வீடு வரும்வரை அவர் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வந்தார், நான் பட்டாணிக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தேன். தாகம் தீர்ந்து அவள் துப்பிவிட்ட பிறகும் கொடுத்தேன்.

நான் வேதியியல் படித்தவள். கருவி நிலைக்கு வரும்வரை தொடாதே, அதை அதன் போக்கில் விடு என்று கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான். தொட்டுத் தொட்டே கெடுத்திருக்கிறேன். போனில் கத்தியது போதாதென்று, நாளை காலை மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகிறார். அதற்குள் சொல்லிவிட வேண்டும். ஆனால் சொன்னால்? "இதுக்கே இப்படின்னா நீ எப்படி வேலைக்கும் போயி குழந்தையையும் பார்த்துக்குவே" என்று கேட்டுவிட்டால்? 

மார்ச் 18, செவ்வாய்

காலையில் சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

ஒர்க்ஷாப்பில் இவர் ஆரம்பிப்பதற்கு முன்பே மெக்கானிக் ஆரம்பித்துவிட்டார். "சார், நேத்து நீங்க போன்ல கத்துனதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. பார்ட்ஸ் கடைக்காரன்கிட்ட போய் நல்லாக் கேட்டுட்டேன். ஒரிஜினல்னு தலைல அடிச்சு சத்தியம் பண்றான். இனிமே உன் கடைல ஒரு நட்டு கூட வாங்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"நீங்க ரெண்டு பேரும் கூட்டு" என்றார் இவர்.

"நான்தான் அழிச்சேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். பையிலிருந்து ரீடரை எடுத்துப் பானட்டின் மேல் வைத்தேன். "தினமும் ரெண்டு தடவை. நேத்து காலைலயும். அழுத்தினா நல்லதுன்னு நெனச்சேன்."

 மெக்கானிக் ரீடரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு தன் போனில் ஏதோ நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினார். "கடைக்காரன். நீங்களே சொல்லிடுங்கம்மா. நான் சொன்னா நம்ப மாட்டான்."

முன்பின் தெரியாத ஒருவரிடம், "அண்ணா, உங்க சென்சார் நல்ல சென்சார்தான். தப்பு என் பேர்ல" என்று சொன்னேன். எதிர்முனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம். பிறகு, "அந்த ஆள் பக்கத்துல இருக்காரா? ஸ்பீக்கர்ல போட்டு இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். மெக்கானிக் காதைப் பொத்திக்கொண்டார்.

முதலில் சிரித்தது இவர்தான். "குப்பை... அத்தனை குப்பை..." என்று ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் முறைத்துக்கொண்டே கை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து, நான் பயந்த கேள்வியை நானே எடுத்துப் போட்டேன். "இதுக்கே இப்படின்னா வேலைக்கு எப்படிப் போவேன்னு நெனைக்கறீங்க, இல்ல?"

அவர் வண்டிச் சாவியை மாட்டிவிட்டுத் திரும்பினார். "வேலைக்குப் போனாத்தான் நீ கொஞ்சம் சும்மா இருப்பேன்னு இப்பதான் தோணுது. ஒரு வருஷமா உனக்குச் சோதிக்க நானும் பட்டாணியும் இந்த வண்டியும் மட்டும்தான். எங்களால தாங்க முடியல. அந்தத் தண்ணியப் போய் சோதி."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஏன் நேற்றே சொல்லவில்லை நான்? ஒரு நாள் பூராவும் வீணாக...

ரீடரை அவர் கையில் கொடுத்துவிட்டேன். "நான் கெஞ்சினாலும் குடுக்காதீங்க."

மார்ச் 20, வியாழன்

கெஞ்சினேன். கொடுக்கவில்லை.

மார்ச் 22, சனி

இன்று நெடுஞ்சாலை. அவர் ஓட்டுகிறேன் என்றார். நான்தான் ஓட்டுவேன் என்றேன். தினமும் போகப்போகிறவள் நான்தானே.

ஒரே வேகத்தில் போக வேண்டும். முந்தக் கூடாது, பதறக் கூடாது, அவசியமில்லாமல் பிரேக்கில் கால் வைக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கா? லாரிகள் ஒவ்வொன்றாக முந்திப்போயின. பாதி வழியில் டாஷ்போர்டில் மஞ்சளாக ஏதோ மின்னியது. வெயில். வெறும் வெயில். அதற்கப்புறம் அந்தப் பக்கமே பார்க்காமல் ரோட்டை மட்டும் பார்த்தேன். பின்னால் அப்பாவும் மகளும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூக்கம். எஞ்சின் சீராக, ஒரே மாதிரி, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே எதையோ சோதித்துக்கொண்டிருந்திருக்கும். நான் என்னவென்று கேட்கவில்லை.

நீரேற்று நிலையத்தின் வளைவுவரை போய்த் திரும்பினேன். கூடத்தின் வாசல் தெரிந்தது. பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

மார்ச் 24, திங்கள்

"தயார்" என்றாள் சூயிங்கம் பெண். திரையை என் பக்கம் திருப்பியே காட்டினாள். வரிசையாக எல்லாமே பச்சை. சான்றிதழை நீட்டி, "இனிமே அழிக்காதீங்க" என்றாள். அழித்தது நான்தான் என்று இவர் அவளிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

தனியாகத்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தேன். வழியெல்லாம் ஜன்னலை இறக்கிவிட்டிருந்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிக் காற்று வாங்கி.

மெயிலை நாலு தடவை அடித்தடித்து எழுத வேண்டாம் என்று முதலில் இங்கே எழுதிக்கொண்டேன். ஒரே தடவைதான் எழுதினேன், அப்படியே அனுப்பிவிட்டேன்:

மதிப்பிற்குரிய மேடம், தாமதமான பதிலுக்கு மன்னிக்கவும். ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை நான் வேலைக்கு வருகிறேன். எந்த ஷிப்டில் சேர வேண்டும் என்பதைத் தெரிவித்தால், அதற்கேற்பக் காப்பகத்தில் நேரம் சொல்லிவைப்பேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் அனுப்புங்கள்.