ஐப்பசி ஈரத்தில் எழும்பாத குமிழி

இன்று காலை பட்டுப்புடவையை அலசிக்கொண்டிருந்தேன். பூந்திக்கொட்டை நுரையிலிருந்து ஒரு குமிழி தாம்பாளத்தின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உடையாமல் நின்றது. இத்தனை வயதிலும் எனக்கு முகம் சுட்டது. நீங்கள் போன பிறகு இதைச் சொல்ல வேறு ஆளில்லை.

சேலம் தெருக்களில் மின்விளக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. பெண்கள் பள்ளியில் நீங்கள் தமிழ், நான் விஞ்ஞானம். ஐப்பசி மழையில் பாடம் நடப்பதைப் பார்க்கப் பள்ளி இன்ஸ்பெக்டர் வந்தார். ஈரத் தட்டில் சோப்புக் குமிழி ஊதி வைத்து, பட்டில் தேய்த்த கண்ணாடிக் கோலைக் கிட்டே கொண்டுபோனேன். குமிழியின் மெல்லிய தோலில் எதிர் மின்னூட்டம் சேர்ந்து, அது கோலை நோக்கிக் கூம்பாக எழும்ப வேண்டும். எழும்பவில்லை. மறுபடி தேய்த்தேன். அசையவேயில்லை.

"துணி துவைக்கிற பாடமா அம்மா இது?" என்றார் அவர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். மழைக்காற்றின் ஈரம் கண்ணாடிமேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிந்து, மின்னூட்டத்தை என் கை வழியே வடித்துவிட்டது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. தலை குனிந்து நின்றேன்.

மறுநாள் நான் பள்ளிக்கு வரவில்லை. சாயங்காலம் நீங்கள் என் அறைக்கு வந்தீர்கள். வேலையை விடப்போகிறேன் என்றேன்.

"ஏனுங்க டீச்சர், பாடம் தப்புங்களா?"

"பாடம் சரிதானுங்க. காத்துல ஈரம்."

"அப்பப் பங்குனி வரைக்கும் இருங்க. காஞ்ச காத்துல காட்டுங்க."

"அந்தப் பிள்ளைங்க மூஞ்சில எப்படிங்க முழிக்கறது? வெக்கமா இருக்குதுங்க."

"இருக்கட்டுமுங்க. அது போறப்போ போவுது. நீங்க வாங்க."

பங்குனியில் அதே வகுப்பைக் கூட்டினேன். நீங்கள் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். கோலைப் பட்டில் தேய்த்துக் கிட்டே கொண்டுபோனேன். குமிழி நீண்டு நிமிர்ந்து, கோல் போன பக்கமெல்லாம் சாய்ந்தது. "அட, கும்புடுதுங்க!" என்று முதலில் கத்தியது நீங்கள்தான். ஐப்பசியில் ஏன் தோற்றது என்பதையும் அன்று மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்கவேயில்லை. எனக்கு அந்த வெட்கம் போகவுமில்லை.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேச மேடைக்குக் கூப்பிட்டார்கள். வெண்ணந்தூரிலிருந்து வந்த உங்கள் உறவினர், பழைய மாணவிகள் எல்லாரும் பார்த்திருக்க, வெகுநேரம் வாய் திறக்க முடியாமல் நின்றேன். யாரோ நாற்காலியைக் காட்டினார்கள். காது மடல்வரை எரிந்தது. ஆனாலும் உட்காரவில்லை. குரல் வருகிறவரை நின்று, உங்களைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் இறங்கினேன்.